திருகாணித் தலையில் பெயின்ட்

எழுபத்தொன்பது பவுண்டு என்றான் டாரில்.
போட்ட டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டான்.

கிரிம்ஸ்பியில், லெவல் கிராசிங்குக்கு அப்பால்,
பாதி எனக்கும் பாதி வங்கிக்கும் சொந்தமான வீடு.
பதினொரு சாக்கெட், ஏழு விளக்கு, ஒரு ஷவர்.
மாடிப்படிக்குக் கீழே ஃபியூஸ் பெட்டி,
அதற்கு முன்னால் ரூட்டாவின் குழந்தை வண்டி.
வண்டியை அவன் நகர்த்தவில்லை.
எட்டிப் பார்த்தான், கூடத்துச் சுவிட்சைத் தட்டினான்,
விளக்கு எரிந்தது.
எரியும் என்று எனக்கே தெரியும்.

மறுநாள் காலை ரிப்போர்ட், ஆறு பக்கம்.
முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில்: திருப்தி.
நான் வாங்கியது அந்த ஒரு சொல்லைத்தான்,
மற்றதெல்லாம் கொசுறு.
ஐந்து வருடத்துக்குச் செல்லும்.
வகுத்துப் பார்த்தேன்,
மாதம் ஒரு பவுண்டு முப்பத்திரண்டு பென்ஸ்.
கெட்டிக்காரன் என்று என்னையே தட்டிக்கொடுத்தேன்.

பிப்ரவரியில் ரூட்டா எழுதினாள்:
ஷவர் போட்டால் குளியலறையில் மீன் வாடை.
கிரிம்ஸ்பியில் மீன் வாடை வராமல்
வேறென்ன வரும் என்று பதில் போட்டேன்.
சிரிக்கிற முகம் ஒன்றும் சேர்த்து.

அவள் சிரிக்கவில்லை.
பதினாறு நாள் கழித்து ஒரு புகைப்படம் வந்தது:
கூரையில் ஷவரின் இழுகயிற்றுச் சுவிட்ச்,
விளிம்பெல்லாம் டீக்கறை நிறத்தில்.

மார்னி ஓல்ட்ராய்ட் இருநூற்று அறுபது கேட்டாள்.
வேறொருவர் எழுபத்தொன்பதுக்குச் செய்தாரே என்றேன்.
செய்தாரா, என்றாள். அவ்வளவுதான்.
நாலு மணி நேரம் கரன்ட் இருக்காது,
ஃப்ரீசரைத் திறக்க வேண்டாமென்று
வீட்டில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

வந்ததும் முதலில் குழந்தை வண்டியை நகர்த்தினாள்.
பிறகு மண்டியிட்டு, டார்ச்சைச் சாய்த்து,
ஒரு சாக்கெட்டை வெகுநேரம் பார்த்தாள்.
"இந்தச் சுவருக்குப் பெயின்ட் அடித்தது யார்?"
நான்தான் என்றேன்.
ரூட்டா குடிவரும் முன்பு, ஒரு சனிக்கிழமை,
அவசரத்தில் சாக்கெட் ஓரங்களையும் சேர்த்து.
"அழகாக அடித்திருக்கிறீர்கள்,
திருகாணிப் பள்ளத்துக்குள்ளேயும்."

பதினொரு சாக்கெட், இருபத்திரண்டு திருகாணி.
எல்லாம் திறந்து பார்த்ததாக ரிப்போர்ட் சொல்கிறது.
என் பெயின்டில் ஒரு கீறல் இல்லை.
எண்கள் இருந்த பக்கத்தைக் கேட்டு வாங்கினாள்.
மேலிருந்து கீழ்வரை ஒரே எண்,
அணிவகுப்பில் நிற்பதுபோல.
"வீட்டுக் கம்பிகள் இவ்வளவு ஒற்றுமையாக இருக்காது,"
என்று கத்தி முனையால் பள்ளத்தைச் சுரண்டத் தொடங்கினாள்.

நான் சொல்லாத ஒன்று உண்டு.
டாரில் போன அன்றே
அந்தத் திருகாணிகள் என் கண்ணில் பட்டன.
கண்துடைப்பு என்று தெரிந்துதான்
கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

குளியலறையில் ஏணிமேல் நின்று
சுவிட்சைப் பிரித்தாள். வாடை இறங்கியது.
"மீன் இல்லை," என்றாள் என்னைப் பார்க்காமல்,
"பிளாஸ்டிக் வேகும்போது இப்படித்தான்."
உள்ளே ஒரு முனைத் திருகு,
அரைச் சுற்று தளர்ந்திருந்தது.
இறுக்கியிருந்தால் எட்டு நொடி.
அதற்கு யாரும் காசு கேட்பதில்லை;
திறந்து பார்க்கத்தான் காசு.

புதுச் சுவிட்ச், தனிக்கணக்கில் முப்பத்தெட்டு.
ரிப்போர்ட் பதினான்கு பக்கம்,
முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில்: திருப்தியில்லை.
சமையலறை எர்த் கம்பி, தோட்டத்து விளக்கு,
நான் மறந்தே போன மாடத்துச் சந்திப்புப் பெட்டி.
இதையும் வகுத்தேன், பழக்கதோஷம்.
மாதம் நாலு பவுண்டு முப்பத்துமூன்று.
அந்த ஊரில் சிப்ஸுடன் ஒரு மீன்கூடக் கிடைக்காது.

இரண்டு ரிப்போர்ட்டும் வேண்டுமென்றாள் ரூட்டா.
சமையலறை மேசையில் அருகருகே வைத்து
விரலால் தடவித் தடவிப் படித்தாள்.
பழையதன் நாலாம் பக்கத்தில் விரல் நின்றது:
பரிசோதிக்காதவை, உரிமையாளர் சம்மதத்துடன்.

"இது உங்கள் கையெழுத்தா?"

குழந்தை வண்டியில் விழித்துக்கொண்டது.
அவள் எழுந்து போய்த் தூக்கினாள்.
திரும்பி வந்து, அதே இடத்தில்
விரலை மறுபடி வைத்தாள்.